இடது காலுக்குத் தெரியாத நெருப்பு

தம்பி,

நேற்றுக் காலை தானா ராத்தா டவுனில் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது தோட்டத்து லயம் முழுக்கப் பனிமூட்டம். நம் வீட்டுக் கதவு எது, பக்கத்து வீட்டு அஞ்சலை கதவு எது என்று கிட்டே போய்த்தான் தெரிந்தது. உள்ளே வந்து பார்த்தால் நீ குடித்த கோப்பை மேசையில் அப்படியே கிடந்தது. முப்பது வயது தாண்டியும் குடித்த கோப்பையைக் கழுவி வைக்கத் தெரியாத பிள்ளையைத்தான் நான் பெற்று வைத்திருக்கிறேன். திட்டிக்கொண்டே எடுத்தேன், பிறகு கழுவ மனம் வராமல் திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன். இனி நீ எப்போது வந்து இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. வருவாயா என்பதே தெரியவில்லை.

இந்நேரம் நீ வானத்தில் இருப்பாய். இறங்கும் இடத்தில் எப்போதும்போல, உன்னோடு ரேஸ் ஓட்டும் லூக்கா காத்திருப்பான். அவனிடம் பேசிய பிறகுதான் நீ இதைப் படிப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அஞ்சலையின் மகள் வேலை விட்டு வந்ததும் இந்தத் தாள்களைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் படித்தால் படித்துக்கொள்ளட்டும், இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. போனில் பேசினால் நான் அழுவேன், நீ "அப்புறம் கூப்புடறேம்மா" என்று வைத்துவிடுவாய். ஆறாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை ஒரு மூலை விடாமல் படிக்கிறவள்தானே நான், எழுத வரும். நேராக விஷயத்துக்கு வரத்தான் வராது. சுற்றித்தான் வருவேன். பொறுமையாகப் படி.

உன் அப்பா கொழுந்து லோரி ஓட்டியவர். தேயிலைக் காட்டில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்று கிடக்கும் அந்தப் பாதையில் பேக்டரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். செருப்பைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவர் மட்டுமில்லை, அந்தக் காலத்து லோரிக்காரர்கள் எல்லாருமே வெறுங்கால்தான். குளிரில் விறைத்துப்போன காலை வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டு உட்காருவார். "சப்பாத்து போட்டு ஓட்டுனா என்னா கொறஞ்சா போயிடும்?" என்று நான் சண்டைக்கு நிற்பேன். "சப்பாத்துக்கு என்னாடி தெரியும்? பிரேக்கு புடிக்குதா வழுக்குதான்னு காலுதாண்டி சொல்லும்" என்பார். நீ அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு உன் சின்னக் காலையும் நீட்டுவாய். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்தப் பேச்சு என் கழுத்தைப் பிடிக்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனபோது நீ ஐந்தாம் படிவம் முடித்திருந்தாய். தோட்டத்தில் வேலை கொடுக்கிறோம் என்று ஆபீஸ் கிராணி கூப்பிட்டார். நீ கேட்கவில்லை, டவுனில் ஜீப் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்துகொண்டாய். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளச் சேறு வந்து அங்கிருந்தவர்கள் வீட்டையும் தோட்டத்தையும் மூடிய பிறகு, கீழே சிக்கிக்கிடந்த காய்கறியை ஏற்றிவரப் பட்டறை ஜீப்பை எடுத்துக்கொண்டு போனவன் நீ. கொட்டுகிற மழையில் நீ ஏறிவந்ததைப் பிரிஞ்சாங்கில் காய்கறி வியாபாரம் செய்யும் சீனத் தவுக்கே ஒருத்தர் பார்த்துவிட்டார். அவர் மகனுக்கு ரேஸ் பைத்தியம். மகனோடு சேர்ந்து ரேஸ் ஓட்ட உன்னைக் கேட்டு வீடு தேடி வந்து, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டு, "அம்மா, உங்க மவன் ரொம்ப கெட்டிலா. மழையில ஓட்றான், சேத்துல ஓட்றான், பயம் இல்லலா" என்று சொன்னார். பயமே இல்லாத பிள்ளை என்று ஒரு பெரிய மனுஷன் வாயால் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கரை தூக்கலாகத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். பயம் இல்லாத ஆள் எங்கேயடா இருக்கிறான், பயத்தை வெளியே சொல்லாத ஆள்தான் இருக்கிறான் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உன் முதல் ரேஸுக்கு நானும் அஞ்சலையும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு மலையிறங்கிக் கீழ்நாட்டுக்கு வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தாமல் கார் ஓட்டுகிற ரேஸ். ஒரே காடியை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள் என்பதே எனக்கு அங்கே வந்துதான் தெரியும். நீ கொஞ்ச நேரம், தவுக்கே மகன் கொஞ்ச நேரம். காடி ஒன்று, முகத்தை மூடும் தொப்பி போட்டால் ஆளும் ஒன்று. எங்களைத் தாண்டி அது கத்திக்கொண்டு போகும்போதெல்லாம் அஞ்சலை என் தொடையில் கிள்ளி, "இப்ப போனது நம்ம தம்பியாக்கா, மத்தவனா?" என்று கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? யார் உள்ளே இருக்கிறான் என்று தெரியாமல் யாருக்கென்று வேண்டுவது? கடைசியில், "எவனா இருந்தாலும் காப்பாத்து தாயே" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் மனசு நல்ல மனசாக இருந்தது.

அதன் பிறகு உன் பேர் ஏறிக்கொண்டே போனது. தவுக்கே மகன் ரேஸை விட்டு வியாபாரத்துக்குத் திரும்பினான். நீ இத்தாலிக்காரர்களின் குழுவில் சேர்ந்து ஐரோப்பா போனாய். ஆறு மணி நேர ரேஸ், இருபத்துநாலு மணி நேர ரேஸ் என்று ஊர் ஊராக ஓட்டினாய். மழை வந்தால் உன்னைத்தான் உள்ளே உட்கார வைப்பார்களாம். மழையையும் பனியையும் பார்த்து நாம் பயந்தால் இந்த மலையில் எங்கே போய்க் குடியிருப்பது! கோயில் வாசலில் உன் படம் போட்டுப் பேனர் கட்டினார்கள். காட்டில் எங்களை வேலை வாங்கும் தண்டல்கூட என்னை, "ரேஸ்காரர் அம்மா வர்றாங்க, வழி விடுங்கடா" என்று கிண்டல் செய்வார். வேண்டாம் போங்கள் என்று வாய் சொல்லும். மனசு இன்னொரு தரம் சொல்லேன் என்று ஏங்கும். லூக்கா உனக்கு ஜோடியாக வந்த பிறகு, அவனும் போனில் என்னை "அம்மா" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டான். அவன் மனைவி, கைக்குழந்தை எல்லாரையும் போனில் காட்டுவான். அந்தக் குழந்தைக்கு நான் கம்பளி நூலில் பின்னிய தொப்பி கோணலாக இருந்ததென்று நீ எத்தனை நாள் சிரித்தாய்.

போன வருஷத்து விபத்தை நான் போனில்தான் பார்த்தேன். அஞ்சலை மகள் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் மழை. முன்னால் போன காடி சுழன்று நிற்க, உங்கள் காடி விலகப் பார்த்துச் சுவரில் போய் மோதியது. உடனே படத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். உள்ளே இருந்தது யார் என்று சொல்லவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் வாயில், "அந்த லூக்காவா இருக்கட்டும் தாயே" என்று வந்துவிட்டது. கைக்குழந்தைக்காரன், என்னை அம்மா என்று கூப்பிடுகிறவன், அவனாக இருக்கட்டும் என்று வேண்டினேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கூப்பிட்டது அவன்தான். "அம்மா, லெக் ஒன்லி. ஹெட் ஓகே. ஹார்ட் ஓகே. லெக் ஒன்லி" என்று அழுதுகொண்டே சொன்னான். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும், நான் அங்கே வர வழியில்லாமல் இங்கே சுவரில் முட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும், தவறாமல் கூப்பிட்டு நீ என்ன சாப்பிட்டாய் என்பது வரைக்கும் சொன்னான். அவன் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அப்போதுதான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். என் பிள்ளை இரண்டு காலில் நடந்து வீடு வந்தால், திருவிழாவில் தீ மிதிப்பான் என்று. காலுக்கு வந்த ஆபத்துக்குக் காலாலேயே நன்றி சொல்லட்டும் என்று பெரிய யோசனை எனக்கு! நீ வந்தாய். இடது காலை லேசாக இழுத்தபடிதான் நடந்தாய், ஆனாலும் நடந்தாய். உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "உங்களுக்காகத்தாம்மா" என்று மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு விரதம் இருந்தாய். திருவிழா அன்றைக்குக் குழியில் தணல் சிவந்து கிடந்தது. எல்லாரும் ஓட்டமும் நடையுமாகத் தாண்டிப் போனார்கள். நீ மட்டும் மெதுவாக நடந்தாய். வலது கால் சுருக்கென்று எழும்பியது, இடது கால் தணலுக்குள் நின்று நிதானமாக எழும்பியது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பூசாரி, "பாருங்க, தாயி இவனைக் கைப்புடிச்சுக் கூட்டிட்டு வர்றா!" என்று கத்தினார். ஜனங்கள் குலவை போட்டார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு தரையில் விழுந்தேன். மெய்யாகவே அருள் என்று நம்பினேன் தம்பி. இந்த மலையில் என்னைவிடப் பாக்கியசாலி யாரும் இல்லை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து உன் காலைக் கழுவலாம் என்று வென்னீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலது பாதத்தில் சாம்பல்தான் இருந்தது. இடது பாதத்தைத் திருப்பினால் தோல் கழன்று சதை தெரிந்தது. நீ நாற்காலியில் சாய்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் மஞ்சளை வைத்து அழுத்தினேன். நீ சிரித்துக்கொண்டேதான் இருந்தாய். வேண்டுமென்றே நகத்தை வைத்து ஊன்றினேன். நீ அசையவில்லை. பிறகுதான் என் கை நின்றுபோனதைப் பார்த்துக் குனிந்தாய்.

"எத்தன நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"ஆப்பரேசன் பண்ணதுலேருந்தும்மா. பாதத்துல மட்டுந்தான். வேற ஒண்ணுமில்ல."

"அங்க டாக்டர் பாக்கலியா?"

"கால அமுக்க முடியுதான்னு பாப்பாங்க. அமுக்க முடியுது. தொட்டா தெரியுதான்னு கேட்டாங்க, தெரியுதுன்னு சொல்லிட்டேன்."

"அந்தக் காடிக்கு எந்தக் காலுலடா பிரேக்கு?"

எனக்குத் தெரிந்ததைத்தான் கேட்டேன். வலது கால் எண்ணெய் கொடுத்து வேகமேற்ற, இடது கால் பிரேக்குக்கு, இரண்டு காலும் சும்மா இருக்கக் கூடாது என்று நீதானே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு விளக்கிக் காட்டியிருக்கிறாய். "வலது காலுல மிதியேன்" என்றேன். "அதுல மிதிச்சா வளைவுக்கு வளைவு பின்னால போயிடுவேம்மா. அப்புறம் என்னை எதுக்கு வச்சுக்குவாங்க? இடுப்புல தெரியுது, காதுல டயர் சத்தம் கேக்குது, பழகிடும்லா" என்றாய். அப்புறம் எழுந்து வந்து, அந்த வெந்த காலோடு என் முன்னால் மண்டியிட்டு, என் கையைப் பிடித்து உன் தலைமேல் வைத்துக்கொண்டாய். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு என் தலையில சத்தியம் பண்ணுங்க. அங்க போனாத்தாம்மா நான் ஒரு ஆளு. இங்க நான் வெறும் லோரிக்காரன் மவன்." உன் அப்பாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் அந்த வார்த்தையைச் சொன்னாய். எனக்கு வந்த கோபத்துக்கு அறைந்திருப்பேன். ஆனால் என் கையைத் தலையிலிருந்து எடுக்க விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அப்படி என்னைப் பிடித்துக்கொண்டதில்லை. சத்தியம் செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து நீ அங்கே திரும்பிப் போகப் புண் ஆறக் காத்திருந்தாய், நான் ஆறவே கூடாது என்று வேண்டிக்கொண்டே மருந்து போட்டேன். பெற்றவள் செய்கிற வேலையா இது? கிளினிக் நர்ஸ், தீ மிதித்த கால் என்று கேட்டதும் கும்பிட்டுவிட்டுக் கட்டுப் போட்டாள். தீயிலே நடந்து வந்த மகான் என்று லயத்துப் பிள்ளைகள் உன்னைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் நான் காட்டிலிருந்து வந்தபோது ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். எடை பார்க்கும் தட்டைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் இடது காலை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாய். கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தாய். முள் நீ நினைத்த இடத்தில் இல்லை என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. மறுபடி மூடினாய், அழுத்தினாய், திறந்தாய். வேர்த்து ஊற்றும் வரைக்கும் செய்தாய். கடைசியில் அந்தத் தட்டை எட்டி உதைத்துவிட்டு, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாய். நான் வீட்டுக்குள் வரவில்லை தம்பி. நீ பார்த்துவிடக் கூடாதென்று குழாயடிப் பக்கம் போய் நின்றுவிட்டேன். உனக்கே தெரியும், பழகாது என்று. தெரிந்துகொண்டே போகிறாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று முதல் அஞ்சலையை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளும் நானும்தான் ரொம்ப நாள் ஒரே மெஷினில் கொழுந்து வெட்டினோம். செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் கத்தி ஓடும் மெஷின். ஒருத்தி கால் தடுக்கினால் கத்தி மற்றவள் பக்கம் திரும்பும். அதனால் காலையில் மெஷினைத் தூக்கும் முன்னால், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு நாள் அஞ்சலை, "நல்லாத்தாங்க்கா இருக்கேன்" என்றாள். தலை சுற்றிக்கொண்டிருந்ததைச் சொன்னால் தண்டல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று மறைத்துவிட்டாள். மேட்டில் ஏறும்போது சரிந்தாள். என் முழங்காலில் இருக்கிற தழும்பு அன்றைக்கு வந்தது. "விழுந்ததுக்கு நான் ஒன்னும் சொல்லலடி, நல்லாருக்கேன்னு சொன்னியே, அதத்தாண்டி என்னால தாங்க முடியல" என்று ஆஸ்பத்திரியில் அவளைத் திட்டினேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்றைக்கு வரைக்கும் சிநேகிதிகள்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் என்னிடம் உடம்பைப் பற்றிப் பொய் சொன்னதில்லை.

நீ லூக்காவிடம், "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாய். அவன் இறங்கி நீ ஏறுகிறாய். நீ இறங்கி அவன் ஏறுகிறான். உனக்கு பெல்ட்டை இழுத்துக் கட்டிவிடுவதே அவன்தான் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒன்றும் தெரியாமல் உன்னை அந்த இருக்கையில் கட்டி அனுப்பிவிட்டு, ஏதாவது ஆனால் அவன் மிச்ச நாளை எப்படி வாழ்வான்? மழையில் உனக்கு முன்னால் போகிற காடியில் எந்த அம்மாவின் பிள்ளையோ இருப்பான். அவள் எங்கேயோ போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உன் உயிரைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் முடிவு செய்துகொள் என்று சொல்லுமளவுக்கு எனக்கு மனசு கிடையாது. ஆனால் அதுகூட உன்னோடு முடிகிற விஷயமாக இல்லையே.

நேற்று பஸ் நிலையத்தில் கடைசியாக ஒரு தரம் கேட்டேன். "சொல்லிட்டு ஓட்டு தம்பி. அவங்ககிட்ட உள்ளதச் சொல்லிட்டு, அப்பறம் ஓட்டச் சொன்னா ஓட்டு." நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சிரித்தாய். "சொன்னா யாரும்மா ஓட்ட விடுவா?" என்றாய். பிறகு என் கையை மறுபடி எடுத்து உன் தலையில் ஒரு தரம் வைத்துவிட்டு ஏறினாய். விளையாட்டுப்போலத்தான் செய்தாய். பஸ் வளைவு திரும்பும் வரைக்கும் நீ ஜன்னலில் கையாட்டினாய். நானும் ஆட்டினேன். என்னைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறாய் என்று இருந்தது.

இன்று காலை லூக்காவைக் கூப்பிட்டேன். என்னிடம் இருக்கிற இங்கிலீஷ் உனக்குத் தெரியும். "லெஃப்ட் லெக் நோ ஃபீலிங். ஹி ஹைட். யூ டோண்ட் லெட் ஹிம் டிரைவ்" என்றேன். அவனுக்குப் புரியவில்லையோ என்று திரும்பவும் சொன்னேன். புரிந்திருந்தது. பின்னால் குழந்தை எதற்கோ சிணுங்கிக்கொண்டிருந்தது. "அம்மா, ஹி நோ யூ டெல் மீ?" என்று கேட்டான். இல்லை, அவனுக்குத் தெரியாது என்றேன். அப்புறம் "தேங்க் யூ, அம்மா" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குழுவில் தானே பேசிக்கொள்வதாகவும், உன்னை அழைத்துப் போகத் தானே வருவதாகவும் சொன்னான். போனை வைத்த பிறகு அடுப்பங்கரைக்குப் போய்ச் சத்தம் போட்டு அழுதேன். உனக்காகத்தான் அழுதேன், நியாயம் செய்துவிட்டோம் என்கிற நிம்மதி ஒரு துளிகூட எனக்கு வரவில்லை. வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

தலையில் அடித்த சத்தியத்தை மீறினால், யார் தலையோ அவர்களுக்குத்தான் கேடு என்பார்கள். நான் அதை நம்புகிறவள். லூக்காவைக் கூப்பிடும் முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு தோன்றியது, அந்தக் கேட்டுக்குச் சாமி எதற்கு? நான் இந்த நாலு வார்த்தையைச் சொன்னதுமே அது வந்துவிடும். நீ ஆசைப்பட்டது, மழையில் சேற்றில் ஓட்டிச் சம்பாதித்த பேர், நீ ஒரு ஆள் என்பது, எல்லாவற்றையும் நானே எடுத்துவிட்டேன். இதற்கு மேல் உன்னிடம் எடுக்க அம்மனுக்கும் ஒன்றும் இல்லை. உயிரை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். பேச வேண்டாம். இந்த வீட்டுக்கு வராவிட்டாலும் எங்கேயாவது இரு. நீ அங்கே உட்கார்ந்து என்னைச் சபித்தாலும், சபிக்க ஒரு பிள்ளை இருக்கிறான் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

மருந்து டப்பாவை உன் பையின் பக்கவாட்டில் வைத்திருக்கிறேன். குதிகால் பக்கம் புண் இன்னும் மூடவில்லை. ராத்திரி படுக்கும் முன்னால் சப்பாத்தைக் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பார்த்து மருந்து போடு. வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதே தம்பி, அந்தக் காலுக்கு வலிக்காது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை நாளும் நான் பார்த்தேன். இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா